"பரீட்சைக்கு வராது"ன்னு சொல்லி நான் தாண்டிப் போன பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் கடிதப் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தத படிச்சேன். காலேஜ்லயும் யூனிவர்சிட்டியிலயும் பாலினம், பாலியல்னு பாடம் வைக்கறதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி, நம்ம பண்பாட்டுக்கு ஒத்துவராது, படிச்சு முடிச்சாலும் வேலை கிடைக்காது, பிள்ளைங்க மனசுதான் கெட்டுப்போகும்னு எழுதியிருந்தார். அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. பேத்தி இந்த வருஷம் காலேஜ் சேரப் போறான்னு அவரே எழுதியிருக்கார், அந்தக் கவலையில எழுதியிருக்கார்னு புரியுது. ஆனா நான் முப்பது வருஷம் அரசு கலைக்கல்லூரியில தமிழ் இலக்கணம் நடத்தினவ. அந்த 'இறக்குமதி'ங்கற வார்த்தைய படிச்சதுல இருந்து மனசு ஒரு நிலையில இல்ல. மூணு நாள் பொறுத்துப் பாத்துட்டு இன்னைக்குக் காலையில உக்காந்து மொபைல்ல டைப் பண்ண ஆரம்பிச்சுட்டேன், பேசற மாதிரியே எழுதறேன், நீளமா இருந்தா நீங்க சுருக்கிக்கலாம், நூற்பா வர்ற இடத்த மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க.

1996-ல நடந்தது இது. பி.ஏ. தமிழ் ரெண்டாம் வருஷம், தொல்காப்பியம் சொல்லதிகாரம், கிளவியாக்கம் நடத்திட்டு இருக்கேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற முதல் பீரியட், பாதிப் பேருக்குக் கண்ணு சொருகும். உயர்திணை அஃறிணை முடிச்சு நாலாவது நூற்பாவுக்கு, அதாவது நாலாவது இலக்கண விதிக்கு, வந்தேன். "பெண்மை சுட்டிய உயர்திணை மருங்கின் ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவியும்"னு வாசிச்சேன், 'ஆண்மை திரிந்த'ங்கற இடத்துக்கு வந்ததுமே பின் பெஞ்சுல ஒரு சிரிப்பு. ஒருத்தன் ஏதோ மெதுவா சொன்னான், அப்புறம் வகுப்பு மொத்தமும் திரும்பி ஜன்னலோரம் மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்த ஒரே ஒரு பிள்ளையப் பாத்துச்சு. அந்தப் பிள்ளை பேனா மூடிய கழட்டி மாட்டி, கழட்டி மாட்டிட்டு, தலைய நிமிரவே இல்ல. எனக்கு அப்போ வயசு முப்பத்தஞ்சு. அந்த நிமிஷத்துல என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல, யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் இல்ல. "இது பரீட்சைக்கு வராது, அடுத்ததுக்குப் போலாம்"னு சொல்லிட்டு அஞ்சாவது நூற்பாவுக்குப் போயிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் ரெண்டு நாள் வந்துச்சு, பிறகு வரல. வருகைப் பதிவேட்டுல வரிசையா 'ஆ' போட்டுட்டே வந்தேன், அந்த மாசக் கடைசியில பேரு அடிச்சாச்சு. வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டேனா? கேக்கல.

2017-ல நான் துறைத்தலைவரா இருக்கேன், ஒருநாள் ஆபீஸ் பக்கம் சத்தம். போய்ப் பாத்தா சேலை கட்டின ஒரு அம்மா, வயசு நாப்பது இருக்கும், கவுன்ட்டர் முன்னாடி நிக்கறாங்க. சேரும்போது கொடுத்த பிளஸ் டூ ஒரிஜினல் மார்க்‌ஷீட் காலேஜ்லயே இருக்கு, அத வாங்க வந்திருக்காங்க. எழுத்தர் உள்ள இருந்தபடியே, "மார்க்‌ஷீட்ல இருக்கறது பையன் பேரு, நீதான் அவன்னு நான் எப்படி நம்பறது"ன்னு கேட்டுட்டு இருக்கார். அவங்க கையில திருநங்கையர் நல வாரியத்து அடையாள அட்டை, பேர் மாத்தின கெசட் காப்பி, எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல அடுக்கா வெச்சிருக்காங்க, அவர் அத வாங்கிக்கூடப் பாக்கல. அவங்க என்னப் பாத்ததும் "அம்மா"ன்னாங்க. எங்க தமிழ்த்துறையில மேடம்னு கூப்பிடற பழக்கம் இல்ல, அம்மாதான். குரல்ல அடையாளம் தெரியல. கையில இருந்த பேனாவோட மூடிய கழட்டி மாட்டிட்டு இருந்ததப் பாத்துதான் எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு.

அடையாளம் தெரியும்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், பீரோவத் தொறந்து தேடி எடுத்தாங்க, மார்க்‌ஷீட்ட சேத்துக் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடிச்சு பேப்பர்லயே ஒட்டிக்கிச்சு, பழுப்புக் கறை மட்டும் இன்னும் இருக்கு. துறைக்குக் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் கொடுத்தேன். இத்தன வருஷமும் கல்யாண சமையல் வேலை பாத்திருக்காங்க, இப்போ சொந்தமா நாலு பேர வெச்சு ஆர்டர் எடுக்கறாங்க, விட்டுப்போன பி.ஏ.வ தொலைநிலைக் கல்வியில முடிக்கணும்னு ஆசை. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களா சொன்னாங்க: "அம்மா, அன்னைக்கு அந்தப் பசங்க சிரிச்சது எனக்குப் புதுசு இல்ல, ஸ்கூல்லயே பழகினதுதான். நம்மளப் பத்தி தொல்காப்பியத்துலயே எழுதியிருக்கு போலயே, அம்மா என்ன சொல்லப் போறாங்கன்னு ஆசையா உக்காந்திருந்தேன். நீங்க பரீட்சைக்கு வராதுன்னுட்டீங்க."

ஆசிரியர் அவர்களே, நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அன்னைக்கு வகுப்புல நான் என்ன நடத்தியிருக்கணும்னு இப்போ சொல்றேன், கடிதம் எழுதின அந்த வாசகரும் கேக்கட்டும். நாலாவது நூற்பா சொல்றது இதுதான். ஆண்மை திரிஞ்சு பெண்மையக் குறிக்கற பேர்ச்சொல்லும், தெய்வத்தக் குறிக்கற பேர்ச்சொல்லும், தங்களுக்குன்னு தனியா ஈறு, அதாவது சொல்லோட முடிவு, இல்லாததால உயர்திணைக்குரிய ஈற்றையே எடுத்துக்கும். அதாவது அவங்கள உயர்திணைன்னு சொல்றார் தொல்காப்பியர், தெய்வத்தோட சேத்து ஒரே நூற்பாவுல வெச்சுச் சொல்றார். இன்னும் எட்டு நூற்பா தள்ளி பன்னிரண்டாவதுக்கு வாங்க. "ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி ஆண்மை அறிசொற்கு ஆகிடன் இன்றே." ஆண்மை திரிஞ்சவங்களக் குறிக்கற பேர், ஆண்பால் முடிவோட சேராது. 'வந்தாள்'னு சொல்லலாம், 'வந்தான்'னு சொல்லக்கூடாது. 'நீதான் அவன்னு எப்படி நம்பறது'ன்னு அந்த எழுத்தர் கேட்டாரே, தொல்காப்பியப்படியே அது வழு. இத முப்பது வருஷம் கையில வெச்சுக்கிட்டு நான் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன். சிலப்பதிகாரத்துல மாதவி ஆடின பதினோரு ஆடல்ல, ஆண்மை திரிஞ்ச பெண் கோலத்துல காமன் ஆடின பேடும் ஒண்ணு, அதையும் பட்டியல்ல ஒரு பேரா மட்டும் எழுதிப் போட்டுட்டு நகர்ந்திருக்கேன்.

பழசு எல்லாமே பொன்னுன்னு நான் சொல்ல வரல. பல நூற்றாண்டு கழிச்சு வந்த நன்னூல், பெண்மைய விட்டு ஆண்மைய விரும்பற பேடு ஆண்பால், ஆண்மைய விட்டவங்க பெண்பால்னு வகுத்துட்டு, அப்படியே கீழ, இவங்க அஃறிணை போலவும் வரலாம்னு ஒரு கதவத் தொறந்து விடுது. 'அது' 'இது'ன்னு இன்னைக்கும் தெருவுல கூப்பிடறாங்களே, அந்த வாடை அங்கயே இருக்கு. உயர்திணையில இருந்தவங்க எப்படி அந்த ஓரத்துக்குத் தள்ளப்பட்டாங்க, நடுவுல சமூகத்துல என்ன மாறுச்சு, மதம் என்ன பண்ணுச்சு, ஆட்சி என்ன பண்ணுச்சுன்னு ஒரு மாணவன் கேட்டான்னு வைங்க, அதுதான் பாலினப் படிப்பு. லண்டன்ல இருந்து எதுவும் வரவேண்டாம். வெள்ளைக்காரன் கொடுத்ததுன்னா 'இயற்கைக்கு மாறான' உறவக் குத்தமாக்கின 1860 தண்டனைச் சட்டத்து 377-ஆம் பிரிவச் சொல்லலாம், அதத்தான் 2018 செப்டம்பர் 6-ல உச்ச நீதிமன்றம், வயசு வந்தவங்க மனசொப்பி இருக்கறது குத்தம் இல்லன்னு சொல்லி ஒதுக்கி வெச்சுது.

இன்னொண்ணு, நம்ம காதுல 'பாலியல்'ங்கற சொல்லு எப்படி விழுதுன்னு பாருங்க. உங்க பத்திரிகையையே ஒரு வாரம் புரட்டுங்க, அந்தச் சொல்லுக்குப் பின்னாடி வன்கொடுமை வரும், தொல்லை வரும், வழக்கு வரும், கைதுன்னு வரும். வேற எதுவும் வராது. பொண்ணு வீட்டுக்கு வந்து "பாலினம், பாலியல்னு ஒரு பேப்பர் எடுத்திருக்கேம்மா"ன்னா, அம்மாவுக்கு அடிவயித்துல பக்குன்னு ஆகத்தான் செய்யும். திணை, பால், எண், இடம்னு ஆறாம் வகுப்புல இருந்தே மனப்பாடம் பண்ற மொழியில, 'பால்'ங்கற அந்த நல்ல சொல்லுல இருந்து வந்த ஒரு சொல்ல குத்தப் பக்கத்துலயே அடைச்சு வெச்சுட்டோம். உடம்பு எப்படிப் பிறந்தது, ஊர் அதுகிட்ட என்ன எதிர்பார்க்குது, மனசு யாரை நாடுதுன்னு மூணும் வேற வேற விஷயம். இத வேற வேறயா பேசக் கத்துக்கறதுதான் அந்தப் படிப்போட அரிச்சுவடி.

'இறக்குமதி'க்கு மறுபடி வர்றேன். பெண்கள் நிலை பத்தி மத்திய அரசு போட்ட குழு 1974-ல அறிக்கை கொடுத்துச்சு. 1901-ல ஆயிரம் ஆணுக்கு 972 பெண்ணா இருந்தது 1971-ல 930-ஆ சரிஞ்சிருச்சுன்னு எடுத்துக் காட்டி, சுதந்திரம் வாங்கி இத்தன வருஷத்துல பெண்கள் எங்க போனாங்கன்னு கேட்டது அந்த அறிக்கை. அதே 1974-ல மும்பை எஸ்என்டிடி பெண்கள் பல்கலைக்கழகத்துல பெண்ணியல் ஆய்வு மையம் ஆரம்பிச்சாங்க, கொடைக்கானல்ல அன்னை தெரசா பல்கலைக்கழகம் 1984-ல வந்துச்சு, 80-கள்ல பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) பல்கலைக்கழகங்கள்ல இப்படி மையம் வைக்கப் பணம் கொடுக்க ஆரம்பிச்சுது. உசிலம்பட்டியில பெண் சிசுக்கொலை, கள்ளிப்பாலு, நெல்லுன்னு பேச்சு வந்து, 1992-ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததே, அந்தக் காலத்துல ஊர் ஊரா போய் தாய்மாருங்ககிட்ட உக்காந்து ஏன்னு கேட்டு எழுதினவங்கள்ல இந்தப் படிப்பு படிச்சவங்களும் உண்டு. பொம்பளப் புள்ள ஏன் வேண்டாம்னு ஒரு தாய் நினைக்கறா, வரதட்சணையா, நிலமா, மாமியாரான்னு கேக்கறது நம்ம பண்பாட்டுக்கு ஒத்துவராத கேள்வியா?

வேலை கிடைக்காதுன்னு சொன்னார். இந்தப் படிப்ப தனி டிகிரியா வாங்கினவங்களுக்கு வேலை கம்மிதான், ஒத்துக்கறேன். என் கவலை வேற. ஏற்கனவே வேலைக்குப் போகப் போறவங்க, அதாவது டாக்டர், டீச்சர், வக்கீல், எஸ்ஐ, அந்தக் கவுன்ட்டர் எழுத்தர், இவங்க யாரும் இத படிக்கறதே இல்லங்கறதுதான். யூனிவர்சிட்டியில ஒரு மூலையில பத்துப் பேருக்கு சர்டிபிகேட் கோர்ஸ் வெச்சுட்டு கடமை முடிஞ்சுதுன்னு இருக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

டாக்டருக்குப் படிக்கறவங்க விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும். 2021-ல ஒருத்தர ஒருத்தர் விரும்பி, மதுரையில இருந்து வீட்ட விட்டு சென்னைக்குப் போன ரெண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன பண்ணார் தெரியுமா, இந்த விஷயம் எனக்கே இன்னும் முழுசா பிடிபடல, நான் முதல்ல கத்துக்கறேன்னு சொல்லி ஒரு உளவியல் நிபுணர்கிட்ட உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கப்புறம்தான் ஜூன் 7-ஆம் தேதி உத்தரவு போட்டார். ஹைகோர்ட் நீதிபதி மாணவனா உக்காந்திருக்கார்! அந்த உத்தரவப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, அந்த நேர்மை 1996-ல எனக்கு வந்திருந்தா அந்தப் பிள்ளை டிகிரி முடிச்சிருக்கும். அதே கேஸோட தொடர்ச்சியா மருத்துவப் படிப்புல இருக்கற தப்புகள கோர்ட் கேள்வி கேட்டுச்சு, 2021 அக்டோபர்ல தேசிய மருத்துவ ஆணையம், அறிவியலுக்கு ஒவ்வாத, இழிவுபடுத்தற பகுதிகள நீக்கச் சொல்லி கல்லூரிகளுக்கு எழுதுச்சு. தன்பாலீர்ப்ப 'மாத்தறேன்'னு சொல்லி வைத்தியம் பாத்தா அது தொழில் ஒழுங்கீனம்னு 2022-ல சொல்லியாச்சு. உலக சுகாதார நிறுவனம் 1990-லயே தன்பாலீர்ப்பு நோய் இல்லன்னு பட்டியல்ல இருந்து எடுத்துருச்சு, நம்ம நாட்டு மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018-ல அதையே சொல்லியிருக்கு.

சரி, எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சா, 2024 ஆகஸ்ட் கடைசியில வந்த புது எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்துல தடயவியல் மருத்துவப் பகுதியில பெண்-பெண் ஈர்ப்ப மறுபடி 'இயற்கைக்கு மாறான குற்றம்'னு சேத்திருந்தாங்க, கன்னிச்சவ்வோட முக்கியத்துவம்னும் ஒரு தலைப்பு திரும்ப வந்திருந்துச்சு. கண்டனம் வந்ததும் சில நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. வாங்கினது சந்தோஷம். ஆனா மூணு வருஷமா கோர்ட் சொல்லி, ஆணையமே கடிதம் எழுதி, அதுக்கப்புறமும் பழைய பக்கம் அப்படியே உள்ள வந்து உக்காருதுன்னா, பாடத்திட்டம் எழுதின கைகளுக்கு யாரும் பாடம் நடத்தலன்னுதான் அர்த்தம். 2022 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவங்களுக்குச் செய்யற ரெண்டு விரல் பரிசோதனைய செய்யவே கூடாது, அத மருத்துவப் பாடத்துல இருந்தும் எடுக்கணும்னு சொன்னதையும் இதோட சேத்துப் பாக்கணும், அடிபட்டு வர்ற பொண்ண அந்த மேசையில படுக்க வைக்கறவங்க என்ன படிச்சுட்டு வந்திருக்காங்கங்கறது சின்ன விஷயம் இல்ல.

நம்ம தமிழ்நாடு இதுல எவ்வளவோ முன்னாடி போயிருக்கு. 2008-ல நாட்டுலயே முதல்ல திருநங்கையருக்கு நல வாரியம் வெச்சது நாமதான். 2019 ஏப்ரல்ல ஹைகோர்ட் மதுரைக் கிளை, தூத்துக்குடியில நடந்த ஒரு கல்யாணத்தப் பதிவு பண்ணச் சொல்லும்போது 'மணமகள்'ங்கற சொல்லுல திருநங்கையும் அடங்குவாங்கன்னு சொல்லுச்சு. அதே தீர்ப்புல ஆணா பெண்ணான்னு தெளிவா பிரிக்க முடியாத ஊடுபால் உடம்போட பிறக்கற பச்சைக் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்து இல்லாதப்போ, ஆணாவோ பெண்ணாவோ ஆக்கறதுக்குக் கத்தி வைக்கக்கூடாதுன்னு சொன்னாங்க, அந்த வருஷம் ஆகஸ்ட்லயே அரசாணை வந்துச்சு. அந்த அரசாணை, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரசவம் பாக்கற நர்ஸம்மாவுக்குத் தெரியுமா? தெரியாட்டி அது அவங்க தப்பு இல்ல. பயந்துபோய் நிக்கற தாய்கிட்ட முதல் வார்த்தை பேசப்போறது அவங்கதான், அவங்க படிப்புல அது இருந்திருக்கணும்.

டீச்சர் படிப்புல இருக்கு. பி.எட். ரெண்டு வருஷம் ஆனதுல இருந்து 'பாலினம், பள்ளி மற்றும் சமூகம்'னு ஒரு தாளே இருக்கு. என் அண்ணன் பொண்ணு படிச்சா, ஆசையா அவ நோட்ட வாங்கிப் பாத்தேன். "பால் என்பது உயிரியல் சார்ந்தது, பாலினம் என்பது சமூகம் சார்ந்தது"ன்னு ரெண்டு மார்க் கேள்விக்கு பதில், கீழ சிவப்பு மையில கோடு. அவ்வளவுதான். வகுப்புல யாராவது கேள்வி கேட்டீங்களான்னேன். "அத்தை, கைடுல இருக்கறத டிக்டேட் பண்ணாங்க, எழுதிக்கிட்டோம்"னா. இப்போ அவ எட்டாம் வகுப்பு டீச்சர். போன வருஷம் அவ வகுப்புல நடை கொஞ்சம் மென்மையா இருக்கற ஒரு பையன மத்தவங்க பட்டப்பேரு வெச்சுக் கூப்பிட, அவன் பாத்ரூம் போகவே பயந்து காலையில இருந்து தண்ணி குடிக்காம இருந்திருக்கான். எனக்கு போன் பண்ணி, "அத்தை, நான் என்ன பண்ணணும்"னு கேட்டா. நூத்துக்கு எண்பது மார்க் வாங்கின பொண்ணு.

பிள்ளைங்க படிச்சா மாறிடுவாங்கங்கற பயத்துக்கும் ஒரு வார்த்தை. என் மாணவிக்கு யாரும் எந்தப் பாடமும் நடத்தல, நடத்த வேண்டிய நானே வாய மூடிக்கிட்டேன். அவங்க அவங்களாத்தான் இருந்தாங்க, நான் பேசாததால அவங்க மாறிடல, படிப்பு மட்டும்தான் போச்சு, கூடவே இருபத்தொரு வருஷமும்.

கடைசியா உங்ககிட்டயே ஒரு கோரிக்கை. திருநங்கையர் மாதிரி இருக்கறவங்கள எந்தச் சொல்லால குறிக்கணும்னு தமிழக அரசு 2022-ல சொற்பட்டியல் ஒண்ண அரசிதழ்ல வெளியிட்டிருக்கு, பத்திரிகைகள் அத பின்பத்தணும்னு கோர்ட்டும் சொல்லியிருக்கு. உங்க மாவட்டச் செய்தி நிருபர்கள் மேசையில அது ஒரு காப்பி இருக்கட்டும். பேர் போட்டு எழுதும்போது 'ர்' விகுதி போடுங்க, 'ஒருவர்'னு எழுதுங்க, அந்தச் சொல் ரெண்டு பாலுக்கும் உரியதுன்னு அதே சொல்லதிகாரத்துல பெயரியல்ல இருக்கு. அந்த வாசகரோட பேத்தி காலேஜ் சேந்து இப்படி ஒரு தாள் எடுத்தா, தாத்தாவும் அந்தப் புத்தகத்த வாங்கி ஒரு தடவ படிச்சுப் பாக்கணும்னு நான் கேட்டுக்கறதா போடுங்க. சந்தேகம் இருந்தா எனக்கு எழுதட்டும், பதில் போடறேன்.

என் மாணவி பி.ஏ. முடிச்சுட்டாங்க, இப்போ எம்.ஏ. தமிழ் ரெண்டாம் வருஷம். முகூர்த்த நாள்ல விடியக்கால மூணு மணிக்கு அடுப்பு பத்த வெச்சுட்டு, பந்தி முடிஞ்சதும் மத்தியானம் எனக்கு வாட்ஸப்ல சந்தேகம் அனுப்புவாங்க. நேத்து ராத்திரி கிளவியாக்கம் நாலாம் நூற்பாவுக்கு பழைய உரைகாரர் சேனாவரையர் எழுதின உரைய அவங்களுக்கு போன்ல வாசிச்சுக் காட்டினேன், நடுவுல நிறுத்தி ரெண்டு கேள்வி கேட்டாங்க, ஒண்ணுக்கு எனக்கு பதில் தெரியல, தேடிட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.